பலகடுவை இறக்கம்

கண்டிப் பக்கத்துக் கெலிஓயா வேன்காரர்களில் ராஜலிங்கத்தைத் தெரியாதவர் கிடையாது. வண்டிக்குள் கரண்ட் ஓடுகிற இடமெல்லாம் அவருடைய இடம். ஹோர்ன் அடிக்கவில்லை, மழை பெய்தால் ஸ்டார்ட் ஆகவில்லை என்று எந்தச் சீக்கோடு வண்டி வந்தாலும் முதலில் வாயைத் திறக்க மாட்டார். பொனட்டைத் தூக்கி, தலையைச் சாய்த்து, காது கொடுப்பார். "வண்டிக்காரர் சொல்றதுல பாதி பொய், வண்டி சொல்றது அத்தனையும் உண்மை" என்பது அவர் அடிக்கடி சொல்கிற பேச்சு. அவ்வளவு நம்பிய காதும் கண்ணும்தான் ஒருநாள் அவரைக் கவிழ்த்தன. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நல்ல முடிவு வரும் என்று யாரும் காத்துக்கொண்டிருக்க வேண்டாம்.

பிறந்தது மடுல்கெல்லைத் தேயிலைத் தோட்டத்தில், லயத்து வீட்டில். அப்பா கவ்வாத்து வெட்டினார், அம்மா மூக்காயி கொழுந்து எடுத்தாள். மாதத்தில் ஒருநாள் தோட்டத்து லொறியில் தொற்றிக்கொண்டு வத்தேகமவுக்குச் சாமான் வாங்கப் போவார்கள். இறக்கம் தொடங்கியதும் லொறிக்காரர் நியூட்டலில் போட்டு எஞ்சினை நிறுத்திவிடுவார். பிறகு சாவியை மறுபடி ஒரு பல் திருப்பி வைத்துக்கொள்வார்; இல்லாவிட்டால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். டீசல் மிச்சம். அதுவரை உறுமிக்கொண்டு வந்த லொறி சட்டென்று வாயடைத்துப் போகும். காற்றும் குருவிச் சத்தமும் மட்டும் கேட்கும். "இப்பத்தான்டா காது குளிருது" என்பாள் மூக்காயி. அந்தச் சத்தமில்லாத இறக்கம்தான் ராஜலிங்கத்துக்குத் தெரிந்த முதல் சுகம். மலைநாட்டில் இப்படி உருட்டாத டிரைவரை விரல்விட்டு எண்ணலாம். பிரேக் பிடிக்காமல் பள்ளத்தில் போன கதைகளும் உண்டு, உருட்டுகிறவர்கள் அவற்றையும் கேட்டுக்கொண்டேதான் உருட்டுவார்கள்.

பதினேழு வயதில் கெலிஓயாவுக்கு இறங்கி வந்து, சாஹுல் ஹமீது நானாவின் கராஜில் சேர்ந்தார். நானா மௌத்தாகி, அடக்கம் முடிந்த பிறகும் அதே இடத்தில், அதே பலகையில் இருந்தார். அப்படியே முப்பத்தாறு வருடம் ஓடிவிட்டது. மனைவி சந்திரிகா, கட்டிக்கொடுத்த இரண்டு பெண்கள், வாடகை வீடு. குறை என்று சொன்னால் ஒன்றுதான். வாழ்நாள் முழுக்க அடுத்தவன் கெடுத்ததைத் திருத்தியதுதான் மிச்சம்; தானாக ஒன்றை அடியிலிருந்து செய்து, "இது ராஜலிங்கம் செஞ்சது" என்று பேர் வாங்கியதில்லை. அந்த ஆசை இருக்கிறது என்றுகூட ஒருவரிடமும் சொன்னதில்லை.

டீசல் தட்டுப்பாட்டில், கிழமைக் கோட்டாவுக்கு கியூ.ஆர். கோட் காட்டிக்கொண்டு நின்ற வருடத்தின் கடைசியில், குண்டசாலையிலிருந்து நவரட்ணராஜா ஐயா வந்தார். யாழ்ப்பாணத்தார், ஓய்வுபெற்ற நில அளவையாளர். வேலைக்காலம் முழுக்க நாட்டை அளந்த மனுசன், ஓய்வுக்குப் பிறகு மனைவி கமலாசனியோடு அதைச் சும்மா சுற்றிப் பார்க்க ஆசைப்பட்டு, பழைய டீசல் வேன் ஒன்றைப் படுக்கை, அலுமாரி, அடுப்பு எல்லாம் வைத்துக் கேம்பராக மாற்றியிருந்தார். இரண்டே பயணம் போனார்கள். அதற்குள் கமலாசனி அம்மாவின் நுரையீரல் இறுகத் தொடங்கிவிட்டது. இப்போது ராப்பகலாக மூக்கில் குழாய். அறை மூலையில் ஒட்சிசன் மெசின் ஒன்று ஓடிக்கொண்டே இருந்தது, அது கரண்டில் ஓடுகிற மெசின்.

கமலாசனிக்கு ஒரே அக்கா, இராசமணி. காரைநகரில் இடுப்பு முறிந்து படுக்கையில் கிடந்தார். ஆறு வருடமாக இருவரும் நேரில் பார்க்கவில்லை. அக்காவால் வர முடியாது, தங்கைதான் போக வேண்டும். மெசின் நிற்காமல் ஓடினால், படுத்தபடியே போகலாம், ஆனால் தள்ளிப்போடாதீர்கள் என்று டொக்டர் சொல்லியிருந்தார். வேனில் படுக்கைக்கு அடியில் இருந்த பழைய பெட்டரி ஒரு லைட்டையும் ஃபேனையும் தாங்கும். இந்த மெசினை மாட்டினால் கண்டியைத் தாண்டுமுன் செத்துவிடும். கனடாவில் இருக்கும் மருமகன் பெரிய லித்தியம் பெட்டரி, சார்ஜர், இன்வேட்டர் எல்லாம் பெட்டியில் அனுப்பியிருந்தார்.

"ராஜலிங்கம், ஒன்பது மணித்தியாலம் மெசின் நிக்காமல் ஓட வேணும். ஏலுமோ? ஏலாதெண்டால் இப்பவே சொல்லும். நடுவழியில நிண்டு சொல்லாதையும்" என்றார் நவரட்ணராஜா.

"ஏலும் ஐயா. வண்டி ஓட ஓட சார்ஜ் ஏறிக்கிட்டே இருக்கும். அம்மாவ காரைநகர் வாசல்ல கொண்டுபோய் எறக்குறது என் பொறுப்பு."

கேட்காத பொறுப்பைத் தானாக எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். சந்தோசத்தில் சொன்னது.

குண்டசாலை வீட்டு முற்றத்தில் ஒன்பது நாள் வேலை நடந்தது. கமலாசனி அம்மா யன்னலோரக் கதிரையில் இருந்தபடி பார்த்துக்கொண்டிருப்பார். ஒவ்வொரு நாளும் தேத்தண்ணீரோடு ஒரு கேள்வியும் வரும்.

"இண்டைக்கு எவ்வளவு முடிஞ்சுது தம்பி?"

"பாதி முடிஞ்சிருச்சும்மா."

"நேற்றும் பாதியெண்டுதானே சொன்னீங்கள்" என்று சிரிப்பார். சிரித்தால் மூச்சு வாங்கும். வாங்கினாலும் சிரிப்பார். "அக்காட்டைப் போய், அவவின்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு ஒரு நாள் இருந்தால் காணும். வேறை ஒண்டும் வேண்டாம்."

சார்ஜரின் வேலை இதுதான். எஞ்சினுக்குரிய முன் பெட்டரியிலிருந்து கரண்டை இழுத்து, படுக்கைக்கு அடியில் உள்ள பெரிய பெட்டரிக்குள் தள்ளும். கொஞ்சநஞ்சம் அல்ல, நாற்பது அம்பியர். எஞ்சின் ஓடினால் முன் பெட்டரி அதைத் தாங்கும், எஞ்சினோடு சுழன்று கரண்ட் உண்டாக்கும் ஓல்டர்னேட்டர் கொடுத்துக்கொண்டே இருக்கும். எஞ்சின் ஓடாத நேரம் இழுத்தால் முன் பெட்டரி வற்றிவிடும். ஆகவே எஞ்சின் ஓடுகிறதா என்று சார்ஜருக்குச் சொல்ல மெல்லிய வயர் ஒன்று உண்டு. அதை ஓல்டர்னேட்டரிலும் கொடுக்கலாம், சாவியிலும் கொடுக்கலாம் என்று கூட வந்த புத்தகம் சொன்னது. ஓல்டர்னேட்டரின் பிளக் பச்சை பூத்துப் போய், கை நுழையாத அடியில் கிடந்தது. சாவி வயரோ கைக்கெட்டின தூரத்தில் இருந்தது. சாவி திறந்திருந்தால் எஞ்சின் ஓடும். சாவியைத் திறந்து வைத்துக்கொண்டு எஞ்சினை நிறுத்தி வைப்பவன் உலகத்தில் உண்டா? புத்தகம் எழுதினவர் மலைநாட்டு இறக்கத்தைப் பார்த்திருக்க மாட்டார். ராஜலிங்கம் பிறந்து வளர்ந்ததே அதில்தான். ஆனாலும் அந்த நேரம் அவருக்கு அது ஞாபகத்தில் வரவில்லை. வயரைச் சாவியில் கொடுத்தார்.

புத்தகத்தில் இல்லாத ஒன்றையும் தன் விருப்பத்துக்குச் செய்தார். சார்ஜ் ஏறும்போது எரிகிற மாதிரி டேஷ்போர்டில் சின்னப் பச்சை விளக்கு ஒன்றைப் பொருத்தினார். "முன் பெட்டரியும் பழசாப் போச்சு ஐயா, மாத்திட்டா நல்லது" என்று ஒருதரம் சொல்லியும் பார்த்தார். இறக்குமதி நின்றுபோன வருடம். அந்த அளவில் பெட்டரி கண்டியில் எங்கும் இல்லை. "பிறகு பாப்பம்" என்றார் நவரட்ணராஜா. முற்றத்தில் எஞ்சினை ஓடவிட்டு இரண்டு நாள் சோதித்தார்கள். மெசின் ஒரு நொடி தடுமாறவில்லை. அன்றைக்கு வீட்டுக்குப் போன ராஜலிங்கத்தைப் பார்த்து, "என்னங்க, தனியா சிரிக்கிறீங்க?" என்று சந்திரிகா கேட்டாள்.

மார்கழியில் ஒரு விடியற்காலை புறப்பட்டார்கள். ஓட்ட வந்தவர் முத்துலிங்கம், ராஜலிங்கத்தின் ஊர்க்காரர், மடுல்கெல்லை லொறியில் கைபழகினவர். பக்கத்து சீட்டில் ராஜலிங்கம். பின்னால் படுக்கையில், கத்தரிப்பூ நிறச் சேலை கட்டி, நெற்றியில் திருநீறு பூசி, கமலாசனி அம்மா. அவர் காலடியில் நவரட்ணராஜா. ஆபத்துக்கென்று சின்ன ஒட்சிசன் சிலிண்டர் ஒன்றும் மூலையில் கட்டியிருந்தது. இரண்டு கிழமை கோட்டாவைச் சேர்த்து நிரப்பின டீசல், காரைநகர் வரைக்கும் மட்டுமட்டு.

அக்குறணை தாண்டி, பலகடுவை ஏற்றத்தின் உச்சிக்கு வந்தபோது முத்துலிங்கம் திரும்பிப் பார்த்தார். "அண்ணே, உருட்டிருவமா? டீசல் மட்டாத்தான் இருக்கு."

"உருட்டு" என்றார் ராஜலிங்கம்.

முத்துலிங்கம் நியூட்டலுக்குத் தள்ளி, சாவியை அணைத்து, மறுபடி ஒரு பல் திருப்பினார். எஞ்சின் நின்றது. தூறலுக்காகப் போட்ட ஹெட்லைட்டும் வைப்பரும் அப்படியே ஓடின. வேன் மெல்ல இறங்கத் தொடங்கியது. பின்னால் மெசின் மட்டும் சீராக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

"என்ன அமைதி பாருங்கோ" என்றார் கமலாசனி அம்மா. "குருவிச் சத்தம்கூடக் கேக்குது."

ராஜலிங்கத்துக்குத் தன் அம்மா மூக்காயியின் ஞாபகம் வந்து நெஞ்சு நிறைந்தது. நவரட்ணராஜா முன்னால் எட்டிப் பார்த்து, "உந்தப் பச்சை லைற்தானே சார்ஜ் ஏறுறது?" என்று கேட்டார்.

"ஆமாங்க ஐயா. அது எரியிற வரைக்கும் பயமே இல்ல."

எஞ்சின் நின்ற வண்டியில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. முப்பத்தாறு வருடம் வயரோடு வாழ்ந்தவர் அதை நேராகப் பார்த்தார். இந்தக் கரண்ட் எங்கிருந்து வருகிறது என்று அவருக்குக் கேட்கத் தோன்றவில்லை. பெருமைதான் தோன்றியது. கரண்ட் அந்த வயசான முன் பெட்டரியிலிருந்து வந்துகொண்டிருந்தது. இறக்கம் முழுக்க, வளைவு வளைவாக, அது வற்றிக்கொண்டே வந்தது.

அடிவாரத்தில், மாத்தளை டவுனுக்கு முன்னால், முத்துலிங்கம் சாவியைத் திருப்பினார். டிக் என்றது. மறுபடி திருப்பினார், மறுபடி டிக். ஓட்டோ கியர் வண்டி, தள்ளி ஸ்டார்ட் பண்ணவும் முடியாது. உருண்டதை உருளவிட்டு ஒரு தேத்தண்ணீர்க் கடை ஓரத்தில் நிறுத்தினார்.

"ஒரு பஸ்ஸ மறிச்சு, அவங்க பெட்டரியில இருந்து வயர் குடுக்கச் சொல்லுவமா அண்ணே?"

"எதுக்கு? பொறத்தால யானை மாதிரி பெட்டரி இருக்கு" என்றார் ராஜலிங்கம்.

யானைக்கும் அடி சறுக்கும். பெரிய பெட்டரியிலிருந்து முன்னுக்கு வயர் இழுத்துக் கொடுத்து, "ம், அடி" என்றார். அந்தப் பெட்டரி எஞ்சினைச் சுழற்றச் செய்ததல்ல. அளவுக்கு மீறி ஒரேயடியாக இழுத்தால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே பூட்டிக்கொள்ளும், லேசில் திறக்காது. புத்தகத்தின் பின்பக்கத்தில் அதுவும் எழுதியிருந்தது. ராஜலிங்கம் வயர்ப் படம் வரைக்கும்தான் வாசித்திருந்தார்.

எஞ்சின் அரைச் சுற்றுச் சுற்றி நின்றது. பின்னால் மெசின் நீளமாக ஒரு சத்தம் போட்டது. பிறகு அதுவும் நின்றது.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்பார்கள். இங்கே வெண்ணெய் திரளக்கூட இல்லை, வீட்டை விட்டு ஒன்றரை மணித்தியாலம்தான் வந்திருந்தார்கள். நவரட்ணராஜா சிலிண்டரை அவிழ்த்தார். அதன் முகமூடி அவசரத்தில் இரண்டுதரம் தவறி விழுந்தது. மூன்றாம்தரம் மாட்டியபோது கமலாசனி அம்மாவின் உதடு நீலமாகியிருந்தது. கண்கள் மட்டும் கணவனின் முகத்தை விடாமல் பார்த்துக்கொண்டிருந்தன. முத்துலிங்கம் நடு றோட்டில் நின்று கையை ஆட்டி ஒரு லொறியை மறித்தார். சிங்கள டிரைவர் ஒரு வார்த்தை கேட்காமல் இறங்கி வயர் கொடுத்தார். எஞ்சின் பிடித்தது. பெரிய பெட்டரி திறக்கவில்லை.

"ஐயா, ஒரு இருவது நிமிசம் குடுங்க. மெசின நேரா முன் பெட்டரியில போட்டுர்றேன். எஞ்சின நிப்பாட்டாமலே போயிரலாம். இன்னும் போகலாம் ஐயா" என்றார் ராஜலிங்கம். அது உண்மை. அப்படிச் செய்தால் போயிருக்கலாம்.

கமலாசனி அம்மா முகமூடியைச் சற்றே விலக்கினார். கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் ராஜலிங்கம் தாங்கியிருப்பார்.

"வேண்டாம் தம்பி. திரும்புவம். எனக்குப் பயமாக் கிடக்கு."

பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வெளியில் கிடந்த மர வாங்கில் ராஜலிங்கம் உட்கார்ந்திருந்தார். முத்துலிங்கம் வாங்கிக் கொடுத்த பிளேன்டீ கையில் ஆறிக்கொண்டிருந்தபோதுதான் அந்தப் பச்சை விளக்கு மனசுக்குள் வந்தது. எஞ்சின் நின்றிருந்தது. விளக்கு எரிந்தது. அப்படியென்றால். பிளேன்டீயைக் கீழே வைத்தார். ஒரு மெல்லிய வயர். நானாவின் கராஜில் நேற்றுச் சேர்ந்தவன்கூடக் கேட்டிருப்பான்.

நவரட்ணராஜா வெளியே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "இப்ப பரவாயில்லை. பின்னேரம் அவவை வீட்டை கொண்டுபோகலாமாம்." பிறகு, "நீர் அப்பவே சொன்னனீர், முன் பற்றரியை மாத்தச் சொல்லி. நான்தான் கேக்கேல்லை. பிழை என்னிலைதான்" என்றார்.

ராஜலிங்கம் வாயைத் திறந்தார். உண்மை நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"ஆமாங்க ஐயா" என்றார்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு. இது இரண்டே சொல், ஆனால் அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. எழுபத்தொரு வயது நவரட்ணராஜா ஐயா தன்னைத் தானே குற்றம் சொல்லிக்கொண்டு திரிவதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கிழமையே குண்டசாலைக்குப் போய், வேனுக்கு அடியில் படுத்து, தோல் உரியக் கையை நுழைத்து, வயரைச் சாவியிலிருந்து எடுத்து ஓல்டர்னேட்டரில் கொடுத்தார். பூட்டிக்கொண்ட பெட்டரியையும் திறந்து எடுத்தார். சாவியைத் திருப்பி, எஞ்சினைப் போடாமல் பார்த்தார். விளக்கு எரியவில்லை. எஞ்சினைப் போட்டார். எரிந்தது.

"எல்லாம் சரி பண்ணிட்டேம்மா. எப்ப வேணும்னாலும் போகலாம்" என்று யன்னலடியில் நின்று சொன்னார்.

"பாப்பம் தம்பி" என்றார் கமலாசனி அம்மா.

எவ்வளவு முடிந்தது என்று அவர் கேட்கவில்லை. ராஜலிங்கம் பிறகும் மூன்றுதரம் போனார், மூன்றுதரமும் "பாப்பம்"தான். கடைசித் தரம் அவர் அக்காவோடு ஃபோனில் பேசுவது முற்றத்துக்குக் கேட்டது. "நான் வரேல்லை அக்கா. திருப்பியும் நடுவழியில நிண்டுபோனால் நான் தாங்கமாட்டன். நீ அழாதை. நீ அழுதால் எனக்கு மூச்சு வாங்கும்." ராஜலிங்கம் சொல்லிக்கொள்ளாமலே திரும்பிவிட்டார்.

தைப்பொங்கலுக்குப் பிறகு நான்காம் நாள் கமலாசனி அம்மா இறந்துபோனார். மெசின் பக்கத்தில் ஓடிக்கொண்டுதான் இருந்ததாம்.

காடாற்று முடிந்த கையோடு நவரட்ணராஜாவிடமிருந்து ஃபோன் வந்தது. "சாம்பலைக் கீரிமலையில கரைக்க வேணும். இராசமணி அக்காவையும் கதிரையில வைச்சு அங்கை கூட்டிக்கொண்டு வருவினம். கமலா அந்த வேனிலதான் போக வேணும். நீரும் வாரும்."

அதே விடியற்காலை, அதே முத்துலிங்கம், அதே சீட். பின்னால் படுக்கை வெறுமையாக இருந்தது. நவரட்ணராஜா வெள்ளைத் துணி கட்டிய சாம்பல் முட்டியை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். மெசினை வீட்டிலேயே விட்டுவிட்டார்கள். இந்தப் பயணத்துக்குக் கரண்ட் வேண்டியதில்லை.

பலகடுவை உச்சி வந்தது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும். ஒருவரும் கேட்கவில்லை, சொல்லவில்லை. முத்துலிங்கத்தின் கை தானாகப் போய்ச் சாவியை அணைத்து மறுபடி திருப்பியது. எஞ்சின் நின்றது. காற்றும் குருவிச் சத்தமும் உள்ளே வந்தன. ராஜலிங்கம் பச்சை விளக்கைப் பார்த்தார். அது எரியவில்லை. எரியக்கூடாத நேரத்தில் எரியாமல், ஒழுங்காக வேலை செய்தது.

"ராஜலிங்கம்."

"ஐயா."

"உந்தப் பச்சை லைற் ஏன் எரியேல்லை? அண்டைக்கு இந்த இறக்கத்தில எரிஞ்சதல்லோ."

பல்ப் போய்விட்டது என்று சொல்ல இடம் இருந்தது. அவர் நம்பியிருப்பார்.

"எரியக்கூடாதுங்க ஐயா. எஞ்சின் நின்னா எரியக்கூடாது. அன்னைக்கும் எரிஞ்சிருக்கக் கூடாது. நான்தான் ஒரு வயர தப்பான எடத்துல குடுத்துட்டேன். பழைய பெட்டரி மேல பிழை இல்ல. உங்க மேலயும் பிழை இல்ல ஐயா. உருட்டச் சொன்னதும் நான்தான்."

இரண்டு வளைவு போயிற்று. மூன்றாவது வளைவில் நவரட்ணராஜா கேட்டார், "பிறகு அதைத் திருத்தினீரோ?"

"திருத்திட்டேன் ஐயா."

"எவ்வளவு நேரம் பிடிச்சது?"

"கால் மணித்தியாலம்ங்க ஐயா."

திரும்பிப் பார்க்க ராஜலிங்கத்துக்குத் தைரியம் வரவில்லை. முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். அழுகிற சத்தம் வண்டி முழுக்கக் கேட்டது.

"தம்பி, எஞ்சினைப் போடும்" என்றார் நவரட்ணராஜா முத்துலிங்கத்திடம். "கமலாவுக்குப் பயம்."

முத்துலிங்கம் சாவியைத் திருப்பினார். ஒரே திருப்பில் எஞ்சின் பிடித்தது. பச்சை விளக்கும் எரிந்தது.